இரும்புக் கட்டிகளின் சாட்சியம்

மூழ்கிய கப்பலென்றால் நாம் பொற்காசுகளையே தேடுகிறோம். கேப் டவுனை அடுத்த அட்லாண்டிக் கரையோரம் 1980களில் புதையல் தேடியவர்கள் கண்ட சிதைவை டச்சுக் கப்பல் என்றே எண்ணினர். அது 'சாவோ ஜோசே' என்னும் போர்த்துக்கீசிய அடிமைக் கப்பல். அதை அடையாளம் காட்டியவை கப்பல் தலைவனின் வாக்குமூலமும், கடலடியில் கிடந்த இரும்புக் கட்டிகளும். மனித உடல் சரக்கைவிட எடை குறைந்தது. கப்பல் சாயாதிருக்க அடியில் பாரம் வேண்டும். லிஸ்பனில் ஏற்றிய அவ்விரும்பு ஆவணத்தில் பதிவாகியிருந்தது.

மொசாம்பிக்கிலிருந்து பிரேசிலுக்குச் சென்ற அக்கலம் 1794 டிசம்பரில் பாறையில் மோதியது. 500க்கும் மேற்பட்ட அடிமைகளில் 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மற்றவர்களைப் பிழைத்தோர் என்றெழுத நமக்குக் கை கூசுகிறது. சில நாட்களில் கேப்பிலேயே அவர்கள் விற்கப்பட்டனர். 2015இல் மொசாம்பிக் தீவின் மண்ணைக் கொணர்ந்து, முக்குளிப்போர் அவ்விடத்தில் இட்டனர்.