ஆற்று மணலில் சில்லறை

தமிழ்நாட்டில் கிடைத்த ரோமானியக் காசுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் அது கொங்கு நாட்டுப் புதையல்களில்தான் போய் நிற்கும். வெள்ளலூரிலும் பொள்ளாச்சியிலும் பானையோடு வெளிப்பட்ட வெள்ளிக் காசுகள், அவற்றில் அகஸ்டஸ், டைபீரியஸ் தலைகள். இந்தப் புதையல்களை வைத்து ஒரு கருத்து வெகுகாலம் நிலைத்திருந்தது: யவனர் காசை நம்மவர்கள் பணமாக எண்ணி வாங்கவில்லை, உலோகமாக நிறுத்து வாங்கினார்கள், அன்றாடக் கொடுக்கல் வாங்கல் பண்டமாற்றாகவே நடந்தது. ஆனால் புதையல் என்பது புழக்கத்திலிருந்து ஒதுக்கி, ஒளித்து வைத்த செல்வம். அதைக் கொண்டு சந்தையை அளப்பது, வங்கிப் பெட்டகத்தைத் திறந்து பார்த்துவிட்டு ஊரில் யாரும் சில்லறை வைத்திருக்கவில்லை என்று சொல்வதைப் போன்றது. சில்லறையைத் தேட வேண்டிய இடம் வேறு. கரூரில் அது அமராவதி ஆற்றுப் படுகை.

சங்கப் பாடல்களில் ஆன்பொருநை என்று வரும் அமராவதி, கோடையில் பெரும்பாலும் மணல்வெளிதான். நீர் வற்றியதும் அந்த மணலைச் சலித்தும் அரித்தும் காசு தேடுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் உண்டு. அவர்களுக்கு ஆறே பாதி வேலையைச் செய்து வைத்துவிடுகிறது. மணலின் அடர்த்தி சுமார் 2.65, செம்பு 8.9, வெள்ளி 10.5, தங்கம் 19.3. வெள்ளம் மணலை அள்ளிக்கொண்டு போகும். கனமான காசு, வேகம் குறையும் உள்வளைவிலும் பாறை இடுக்கிலும் தங்கிவிடும். மேலைநாட்டு ஓடைகளில் உலோகங்காட்டிக் கருவியோடு அலைபவர்களும் இதே இடங்களைத்தான் குறிவைக்கிறார்கள். கருவி மின்காந்தப் புலத்தை மண்ணுக்குள் செலுத்தி, உலோகத்தில் எழும் எதிர்வினையை ஒலியாக்குகிறது. ஆனால் இரும்புச் சத்துள்ள கருமணல் அதைக் குழப்பும். சோடா மூடியும் காசும் அதற்கு ஏறக்குறைய ஒரே பாஷை பேசும். நகத்தளவுச் செப்புக்காசைப் பொறுக்கியெடுக்கச் சல்லடையும் பழகிய கண்ணும் இன்றும் அதற்குச் சளைத்தவை அல்ல.

இந்த மணலிலிருந்து வந்ததுதான் படத்தை மாற்றியது. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி வணிகர்களிடம் வந்து சேர்ந்த காசுகளை வாங்கி, துலக்கி, எடைபோட்டு, வகைப்படுத்தி நூல்களாக்கினார். சங்க வேந்தர்கள் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டார்களா என்ற சந்தேகத்தை 1980களில் பாண்டியரின் பெருவழுதிக் காசு உடைத்தது. சேரர் பக்கம் அதைத் தொடர்ந்து செய்தவை கரூர்க் காசுகள். சிறிய வெள்ளிக்காசு ஒன்றில் வலப்புறம் நோக்கிய மன்னன் தலை, அதற்கு மேல் தமிழ்ப் பிராமியில் ‘மாக்கோதை’, பின்புறம் வெறுமை. ரோமானியக் காசைப் பார்த்துப் பழகிய கையின் வேலை என்பது முகத்தின் வார்ப்பிலேயே தெரிகிறது. ஒருபுறம் யானை, மறுபுறம் வில் அம்பு கொண்ட செப்புக்காசுகள் வேறு. என்னைக் கேட்டால், இவற்றைவிட முக்கியமான சாட்சி பார்வைக்கு மிக எளியது: கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளின் ரோமானியச் செப்புக்காசுகள். மிகச் சிறியவை, தேய்ந்தவை. கரூரிலும் மதுரையிலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைத்தவை. உருக்கினால் ஒன்றும் தேறாத இவற்றை உலோகத்துக்காக யாரும் கடல் கடந்து கொண்டுவந்திருக்க முடியாது. கைமாறித்தான் தேய்ந்திருக்கின்றன.

மறுப்புகள் உண்டு, அவை லேசானவையும் அல்ல. முதலாவது, ஆற்றுக் காசுக்கு மண்ணடுக்கு கிடையாது. 1973-74இல் கரூரில் தொல்லியல் துறை தோண்டிய குழியில் கிடைத்த பொருளின் மதிப்பு அதற்கு வராது என்பது. காலக்கணிப்பைப் பொறுத்தவரை இது சரி. ஆனால் காசு தன் காலத்தைத் தன் முகத்திலேயே சுமந்து வரும் பொருள். பானையோட்டுக்கு இருக்கும் சங்கடம் அதற்குக் குறைவு. இரண்டாவது, வணிகர் கைப்பட்டது போலியாக இருக்கலாம். மன்னன் பெயருள்ள வெள்ளிக்காசுக்கு இந்த எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். விலை போகாத தேய்ந்த செப்புக்காசை ஆயிரக்கணக்கில் போலி செய்பவன் பிழைக்கமாட்டான். மூன்றாவது மறுப்பு நம் வழக்கத்திலிருந்தே எழுகிறது: ஆற்றில் காசு போடுவது காணிக்கை, அதை வணிகம் என்று எப்படிச் சொல்வது? சரி, காணிக்கை என்றே வைத்துக்கொள்வோம். மடியில் இருப்பதைத்தானே போடுவார்கள்? இருந்தது செப்புச் சில்லறை என்றால், வாதம் வலுக்கவே செய்கிறது.

நான் பின்வாங்கும் இடம் ஒன்று உண்டு. இக்காசுகளைக் காட்டிக் கரூரே சேரர் தலைநகரான வஞ்சி என்று வழக்கை முடித்துவிடுகிறார்கள். கிரேக்கப் புவியியலாளர் தாலமி சேரர் தலைநகராகக் கரூரா என்று எழுதியதும், பக்கத்திலுள்ள புகளூர்க் கல்வெட்டில் சேரரின் இரும்பொறை மரபினர் பெயர் இருப்பதும் அதற்குத் துணை நிற்கின்றன. ஆனால் கேரளத்துப் பட்டணம் அகழாய்விலும் சேரர் செப்புக்காசு கிடைத்திருக்கிறது. காசு ஓடும் பொருள். தலைநகரை அது மட்டும் நிறுவிவிடாது. கரூரில் சில்லறை புழங்கும் சந்தை இருந்தது என்பதை நிறுவும், அவ்வளவே.

மண்ணடுக்கை வெள்ளம் எப்போதோ கலைத்துவிட்டது. சலிப்பவரை அதற்குக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அதன்பின் நேர்ந்த இழப்பு வேறு: எந்த வளைவில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்ற குறிப்பு வணிகர் மேசைக்கு வருமுன்பே உதிர்ந்துவிடுகிறது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட எதையும் ஆட்சியரிடம் தெரிவிக்கச் சொல்கிறது. அரசு எடுத்துக்கொண்டால் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தரவும் வழி வைத்திருக்கிறது. ஆனாலும் காசை வெளியே காட்டினால் வம்பு என்றே ஆற்றில் நிற்பவர் நினைக்கிறார். இங்கிலாந்தில் 1997 முதல், புதையல் சட்டத்துக்குள் வராத சிறு பொருளையும் அதிகாரியிடம் காட்டிப் பதிவு செய்ய ஏற்பாடு இருக்கிறது. பதிவான பொருட்கள் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டன. கொள்ளைக்குக் கதவு திறப்பதாக அங்கும் முனகல் உண்டு, அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. இங்கே கதவை மூடி வைத்தும் காசுகள் சந்தைக்கு வந்துகொண்டுதான் இருந்தன, ஊர்ப் பெயரைத் தவிர வேறு விலாசம் இல்லாமல். இதற்கிடையில், யாரும் சலித்துப் பார்க்காத மணல் லாரிகளில் ஏறிக் கட்டடங்களுக்குப் போய்விட்டது.