கோணேசர் மலையின் நனைந்த பக்கம்

"மேல பார்த்து ஒருக்கா கும்பிட்டிட்டு இறங்கு தம்பி. கீழ கிடக்கிற ஒண்டையும் தூக்கிப்போடாத." திருகோணமலையில் நான் முதன்முதலாகச் சிலிண்டர் கட்டி இறங்கிய அன்று படகுக்கார அண்ணை சொன்ன புத்தி இவ்வளவுதான். வைகாசிக் காலை, கடல் குளம் போலக் கிடந்தது. வாடை எழும்பினால் அந்தப் பக்கம் படகு அண்ட முடியாது.

தலைக்கு மேல் செங்குத்தாக நிற்கும் அதே மலை நீருக்குள்ளும் இறங்கி, அடியில் பெரும் பாறைகளாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரு வெடிப்பில் அஞ்சாளை வாயைத் திறந்து திறந்து மூடியது. கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் சத்தம் காதுக்குள் கேட்டது. அதற்கப்பால் ஒரு கல். விளிம்பு நூல் பிடித்ததுபோல நேர். நடுவில் உள்ளங்கை அகலத்தில் சதுரக் குழி, குழிக்குள் ஒரு கடல் முள்ளி. கடல் எதையும் உருட்டும், சதுரமாய் வெட்டாது.

சம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலின் கல் அது. 1622இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோயிலை இடித்தான். உதவக்கூடிய கற்கள் கோட்டைச் சுவருக்குப் போயின, மற்றவை மலையிலிருந்து கடலுக்கு. கோட்டை வாசல் கல்லில் பாண்டியரின் இரண்டு கயல்கள் இன்றும் இருக்கின்றன. பள்ளிக்கூடம் போகும்போது தினமும் அவற்றைப் பார்த்திருக்கிறேன். அவற்றின் கூட்டாளிகள் தண்ணீருக்குள் கிடப்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

1950இல் நகரத்தில் கிணறு வெட்டியபோது பழைய செப்புத் திருமேனிகள் கிடைத்தன. கடலுக்குள் போனவற்றைத் தேட 1956 வரவேண்டியிருந்தது. எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரது நண்பர் மைக் வில்சனும் இங்கே சுழியோடி, செதுக்கிய தூண்களையும் கற்களையும் கண்டார்கள். மறு வருடமே கிளார்க் அதைப் புத்தகமாக எழுதிவிட்டதால் ஊர் உலகம் அவர் பெயரைத்தான் சொல்கிறது. ஆனால் கடலுக்குள் கிடந்த கோயில் லிங்கத்தைக் கண்டெடுத்தவர் வில்சன். எனக்கென்றால் அவர்கள் இருவருக்கும் முந்தியவர்கள் மேலும் ஒரு கண்: நீருக்குள் மூச்சுவிட உதவும் குஸ்தோவின் காற்றுக்கருவி 1943இல்தான் வந்தது, அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே எங்கள் ஆட்கள் மூச்சடக்கிச் சங்கு குளித்தார்கள். அவர்கள் கண்ணில் இந்தக் கல் படாமலா போயிருக்கும்? எழுத ஆளில்லை, அவ்வளவுதான்.

வில்சன் 1962இல் 'ரன்முத்து தூவ' என்று முதல் வண்ணச் சிங்களப் படத்தை எடுத்தார், அதில் நீருக்கடிக் காட்சிகளும் உண்டு. பிறகு எல்லாவற்றையும் விட்டுச் சுவாமி சிவ கல்கி என்ற துறவியானார். மலைமேல் மறுபடி எழுந்த புதிய கோயிலின் கும்பாபிஷேகம் 1963இல் நடந்தது.

போன ஆனியில் மறுபடி இறங்கினேன். கல்லைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது, பாசி அப்படி மூடியிருந்தது. கையால் தடவித்தான் விளிம்பைப் பிடித்தேன். சதுரக் குழியில் முள்ளி இல்லை. சின்னதாய் ஒரு சிங்கி இறால் இரண்டு மீசையையும் வெளியே நீட்டிக்கொண்டு குந்தியிருந்தது.