பிக்சர் டியூப் டிவியைத் தூக்கிட்டு வர்ற கேமர்கள்... 2001-ல வந்த 'மெலீ' இன்னும் ஓயாதது ஏன்?

அமெரிக்காவில் நடக்கும் சில வீடியோ கேம் போட்டிகளில் ஒரு விநோதமான காட்சியைப் பார்க்கலாம். மேஜை மேஜையாக பழைய, கனமான பிக்சர் டியூப் டிவிகள். ஒவ்வொரு டிவிக்கு முன்னாலும் ஒயர் போட்ட கன்ட்ரோலரோடு இரண்டு பேர். உற்பத்தியே நின்றுபோன ஒரு கன்சோலில், 2001-ல் வெளியான ஒரு சண்டை கேமைத்தான் விளையாடிக்கிட்டு இருப்பாங்க.

அந்த கேமின் பெயர் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ'. இதற்குப் பிறகு இதே வரிசையில் புதுப்புது கேம்கள் வந்துவிட்டன. ஆனாலும் ரசிகர்கள் இதை விடவில்லை. இந்த கேமை உருவாக்கிய நிறுவனத்தோடயே மல்லுக்கட்டி இதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அப்படி என்னதான் இருக்கு இதுல?

மெலீ என்பது என்ன?

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் தனது 'கேம்க்யூப்' கன்சோலுக்காக 2001 நவம்பர் 21-ம் தேதி ஜப்பானிலும், டிசம்பர் 3-ம் தேதி வட அமெரிக்காவிலும் வெளியிட்ட கேம் இது. இயக்கியவர் மசாஹிரோ சகுராய். உருவாக்கியது ஹால் லேபரட்டரி. வேலை முடிய எடுத்துக்கொண்ட காலம் வெறும் 13 மாதம்தான். உலகம் முழுக்க 70 லட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்றன.

மரியோ, பிக்காச்சு, லிங்க், டாங்கி காங் என நிண்டெண்டோவின் வெவ்வேறு கேம்களில் வரும் கதாபாத்திரங்கள் ஒரே மேடையில் மோதிக்கொள்வதுதான் கான்செப்ட். மொத்தம் 26 கதாபாத்திரங்கள்.

மற்ற சண்டை கேமுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

'டெக்கன்', 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' மாதிரி கேம்களில் மேலே ஒரு உயிர்க்கோடு இருக்கும். அடி விழ விழ அது குறையும். தீர்ந்தா ஆட்டம் அவுட். மெலீயில் கதை வேற. இங்கே அடி வாங்க வாங்க ஒரு சதவீத எண் ஏறிக்கொண்டே போகும். எண் ஏற ஏற, அடுத்த அடிக்கு நீங்க பறக்கிற தூரமும் கூடும். மேடையை விட்டு வெளியே போய் திரும்பி வர முடியலைன்னா ஒரு உயிர் போச்சு.

ஜப்பானின் சுமோ மல்யுத்தத்தை யோசிச்சுப் பாருங்க. எதிராளியை வட்டத்துக்கு வெளியே தள்ளணும். கிட்டத்தட்ட அதே லாஜிக்தான். அதனால எவ்வளவு அடி வாங்கினாலும், மேடைக்குத் திரும்பி வரும் வரை ஆட்டம் முடியாது. கடைசி நொடியில் திருப்பம் வருவது இந்த கேமில் சகஜம்.

விளையாடுறது ஈஸி, ஜெயிக்கிறது கஷ்டம்

பார்ட்டியில் நாலு பேர் சேர்ந்து ஜாலியாக விளையாடத்தான் இந்த கேம் எனப் பலர் நினைத்தார்கள். ஆனால், தீவிரமாக ஆடியவர்கள் வேறு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்.

கேம் ஒரு நொடிக்கு 60 படங்களாக ஓடுகிறது. அதாவது ஒரு படம் சுமார் 17 மில்லி செகண்ட். குதித்த உடனே சாய்வாகத் தரையை நோக்கி தற்காப்பு பட்டனை அழுத்தினால், கதாபாத்திரம் ஐஸ்கட்டி மேல போற மாதிரி வழுக்கிக்கொண்டு நகரும். இதற்கு 'வேவ்டேஷ்' என்று பெயர். காற்றில் அடித்துவிட்டுத் தரையில் இறங்கும் முன், 7 படங்களுக்குள் சரியாக ஒரு பட்டனை அழுத்தினால், இறங்கியதும் ஏற்படும் தடுமாற்றம் பாதியாகக் குறையும். இது 'எல்-கேன்சல்'.

இரண்டையும் ஒவ்வொரு அசைவிலும் தவறாமல் செய்யணும். அதற்கு வருடக்கணக்கில் பயிற்சி தேவை. கண் இமைப்பதற்குள் பல பட்டன்கள் அழுத்தப்படுவதால்தான், புதிதாகப் பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும்.

பழைய டிவி எதற்கு என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கு. பல எல்சிடி டிவிகள், வரும் படத்தைச் சரிசெய்து காட்ட சில மில்லி செகண்டுகள் எடுத்துக்கொள்ளும். பிக்சர் டியூபில் அந்தத் தாமதம் கிட்டத்தட்ட கிடையாது. இந்த கேமில் அந்தச் சில மில்லி செகண்டுதான் வெற்றி, தோல்வி.

நிண்டெண்டோ எதிர்திசையில் போனது

2008-ல் அடுத்த பாகமான 'பிரால்' வந்தது. எல்லோரும் விளையாடும்படி இருக்க வேண்டும் என்று வேகத்தைக் குறைத்தார்கள். ஓடும்போது கதாபாத்திரம் திடீர்னு தானாகவே தடுக்கி விழும் அம்சத்தையும் சேர்த்தார்கள். திறமைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் உள்ள இடைவெளி குறைந்தது. தீவிர ரசிகர்கள் பலர் மெலீக்கே திரும்பினார்கள்.

2013-ல் சண்டை கேம்களின் பெரிய திருவிழாவான 'ஈவோ' ஒரு போட்டி வைத்தது. மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு எந்த கேமின் ரசிகர்கள் அதிக நிதி தருகிறார்களோ, அந்த கேம் மேடையேறும். மெலீ ரசிகர்கள் 94,683 டாலர் திரட்டி முதலிடம் பிடித்தார்கள். ஆனால், போட்டியை நேரலையாகக் காட்ட நிண்டெண்டோ அனுமதி மறுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும், சில மணி நேரத்திலேயே முடிவை மாற்றிக்கொண்டது.

அதே ஆண்டு வெளியான 'தி ஸ்மாஷ் பிரதர்ஸ்' என்ற ஆவணத் தொடர் புதிய தலைமுறையை உள்ளே இழுத்தது. 2016 ஈவோவில் மெலீக்கு மட்டும் 2,300-க்கும் அதிகமானோர் பதிவு செய்தார்கள். இறுதியில் அர்மாடாவை வீழ்த்தி வென்றவர் ஹங்கிரிபாக்ஸ். அவர் ஆடியது ஜிக்லிபஃப் என்ற உருண்டையான, இளஞ்சிவப்பு போக்கிமானை வைத்து!

லாக்டவுனில் வந்த உயிர்

மெலீயில் ஆன்லைன் வசதியே கிடையாது. கொரோனாவால் 2020-ல் நேரடிப் போட்டிகள் நின்றதும், எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சாங்க. அந்த ஜூன் மாதம், 'ஃபிஸி' என்ற பெயரில் அறியப்படும் புரோகிராமர் தலைமையிலான குழு 'ஸ்லிப்பி' மென்பொருளில் 'ரோல்பேக்' வசதியைக் கொண்டுவந்தது. எதிராளி அடுத்து என்ன அழுத்துவார் என்று கணித்து ஆட்டத்தை ஓட்டிக்கொண்டே இருக்கும். கணிப்பு தப்பினால் சட்டென்று பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும். தூரத்தில் இருப்பவரோடு ஆடினாலும் பக்கத்தில் உட்கார்ந்து ஆடும் உணர்வு கிடைக்கும். ரசிகர்களே செய்த வேலை இது.

ஆனால், அதே ஆண்டு நவம்பரில் 'தி பிக் ஹவுஸ்' என்ற போட்டியின் ஆன்லைன் பதிப்பை நிறுத்தச் சொல்லி நிண்டெண்டோ நோட்டீஸ் அனுப்பியது. சட்டவிரோதமாக நகலெடுத்த கேமும் ஸ்லிப்பியும் பயன்படுத்தப்படுவதாகக் காரணம் சொன்னது. போட்டி ரத்தானது. 'ஃப்ரீ மெலீ' என்ற ஹேஷ்டேக் பறந்தது.

2023-ல் நிண்டெண்டோ புதிய விதிமுறைகளை வெளியிட்டது. தனி உரிமம் இல்லாத சமூகப் போட்டி என்றால், நேரில் அதிகபட்சம் 200 பேர், பரிசு 5,000 டாலருக்குள், ஸ்பான்சர் கூடாது.

யார் பக்கம் நியாயம்?

சட்டப்படி பார்த்தால் கேமின் உரிமை நிண்டெண்டோவுக்குத்தான். தன் சொத்து எப்படிப் பயன்படுத்தப்பட வேண்டும் என்று சொல்ல அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால், கேம்க்யூப் உற்பத்தி 2007-லயே நின்றுவிட்டது. நுட்பங்களைத் தேடிப் பிடித்தவர்கள், போட்டி நடத்தியவர்கள், ஆன்லைனுக்குக் கொண்டுவந்தவர்கள் எல்லாருமே ரசிகர்கள். 'நாங்க இல்லைன்னா இந்த கேம் எப்பவோ பரணுக்குப் போயிருக்கும்' என்பது அவர்கள் வாதம்.

பரணுக்குப் போகாததற்கு ஒரு சாட்சி 2022-ல் கிடைத்தது. பல ஆண்டுகளாகப் பலவீனமானது என்று ஒதுக்கப்பட்ட 'யோஷி' கதாபாத்திரத்தை வைத்தே ஜப்பான் வீரர் அம்சா, 'தி பிக் ஹவுஸ் 10' பட்டத்தை வென்றார். ஒரு பெரிய போட்டியில் யோஷி ஜெயித்தது அதுதான் முதல் முறை.

நிண்டெண்டோ யோஷிக்காக எந்த அப்டேட்டும் கொடுக்கவில்லை. 2001-ல் டிஸ்க்கில் வந்த அதே யோஷிதான். அது ஜெயிக்கும் என்று கண்டுபிடிக்க 21 வருஷம் ஆகியிருக்கு, அவ்வளவுதான்.