இரண்டாவது பிள்ளையைக் காப்பாற்றிய ரத்தம்

முதல் பிள்ளை நல்லபடியாகப் பிறக்கிறது. இரண்டாவது பிள்ளை பிறந்த அன்றே உடம்பெல்லாம் மஞ்சள் பூத்து, இரண்டொரு நாளில் இறந்து போகிறது. மூன்றாவது வயிற்றிலேயே இறக்கிறது. அறுபது, எழுபது வருடங்களுக்கு முன்பு மதுரை மாவட்டம் பேரையூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இப்படி நடந்திருந்தால் ஊர் என்ன சொல்லியிருக்கும்? குலதெய்வத்துக்கு நேர்த்திக்கடன் பாக்கி என்றிருக்கும். இல்லாவிட்டால் 'ராசியில்லாத பொம்பள' என்று பழியைத் தாயின் தலையிலேயே போட்டிருக்கும்.

ஆனால் இப்படிப்பட்ட சாவுகள் பலவற்றில் குற்றவாளி என்று யாருமே கிடையாது. தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். உலகம் அதைப் புரிந்துகொண்டதே 1940-ஐ ஒட்டித்தான்.

கணவன் கொடுத்த ரத்தம்

ஏ, பி, ஓ என்ற ரத்த வகைகளை 1901-ல் கண்டுபிடித்துச் சொன்னவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர். வகை பார்த்து ரத்தம் ஏற்றினால் ஆபத்தில்லை என்று மருத்துவர்கள் நம்பினார்கள்.

1937-ல் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. ரத்தப்போக்கு அதிகம். கணவனும் மனைவியும் ஒரே ஓ வகை என்பதால் கணவனின் ரத்தத்தையே ஏற்றினார்கள். உடனே அந்தப் பெண்ணுக்குக் குளிரும் வலியுமாக நிலைமை மோசமானது. வகை ஒத்திருந்தும் ஏன் இப்படி?

பிலிப் லெவின், ரூஃபஸ் ஸ்டெட்சன் இருவரும் 1939-ல் விடை சொன்னார்கள். தந்தையிடமிருந்து பிள்ளைக்கு வந்த ஏதோ ஒரு பொருள் தாயிடம் இல்லை. பிள்ளையின் ரத்தம் கலந்தபோது தாயின் உடம்பு அதை அந்நியன் என்று நினைத்து எதிர்ப்பொருளை உண்டாக்கியது. அதே எதிர்ப்பொருள்தான் கணவனின் ரத்தத்தையும் தாக்கியது. 1940-ல் லாண்ட்ஸ்டைனரும் அலெக்சாண்டர் வீனரும் ரீசஸ் குரங்கின் ரத்தத்தைக் கொண்டு செய்த சோதனையிலிருந்து இதற்கு 'ஆர்.எச்.' என்று பெயர் வந்தது. அது உள்ளவர் பாசிட்டிவ், இல்லாதவர் நெகடிவ்.

முதல் பிள்ளை ஏன் பெரும்பாலும் தப்பிக்கிறது என்பதும் இதனால் விளங்கியது. பிள்ளையின் ரத்தம் தாயின் உடம்பில் கலப்பது பெரும்பாலும் பிரசவ நேரத்தில். எதிர்ப்பொருள் உருவாவதற்குள் பிள்ளை வெளியே வந்துவிடுகிறது. அடி விழுவது அடுத்த பிள்ளைக்குத்தான்.

பாசிட்டிவ் பிள்ளைக்கு நெகடிவ் ரத்தம்

1940-களின் பிற்பகுதியில் ஒரு வழி பிறந்தது. பிறந்த பிள்ளையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, வேறு ரத்தத்தை உள்ளே செலுத்துவது. அமெரிக்காவில் ஹாரி வாலர்ஸ்டைன், லூயி டைமண்ட் ஆகியோர் இதைச் செய்து காட்டினார்கள். பிள்ளை பாசிட்டிவ் என்றாலும் நெகடிவ் ரத்தத்தைத்தான் ஏற்றுவார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளால் அதை அழிக்க முடியாது! 1963-ல் நியூசிலாந்தின் வில்லியம் லைலி ஒரு படி மேலே போய், வயிற்றில் இருக்கும் சிசுவுக்கே ரத்தம் ஏற்றினார்.

இவையெல்லாம் நோய் வந்த பிறகு செய்யும் வைத்தியம். வராமலே தடுக்க முடியாதா? இங்கிலாந்தின் லிவர்பூலிலும் நியூயார்க்கிலும் இரண்டு குழுக்கள் ஒரே யோசனையைப் பிடித்தன. தாய் எதிர்ப்பொருளை உருவாக்கும் முன்பே, வேறொருவரிடமிருந்து எடுத்த அதே எதிர்ப்பொருளை ஊசியாகப் போட்டுவிட்டால்? அது பிள்ளையின் ரத்த அணுக்களை அகற்றிவிடும். தாயின் உடம்புக்கு விஷயமே தெரியாது. நியூயார்க் குழு இதைச் சிங் சிங் சிறைக் கைதிகளிடம் சோதித்துப் பார்த்தது. 1968-ல் அமெரிக்காவில் ஆன்டி-டி ஊசிக்கு அனுமதி கிடைத்தது.

தங்கக் கை மனிதர்

இந்த ஊசிக்கு வேண்டிய எதிர்ப்பொருள் மனித ரத்தத்திலிருந்துதான் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசனுக்கு 14 வயதில் நெஞ்சில் பெரிய அறுவை சிகிச்சை. முகம் தெரியாதவர்கள் கொடுத்த ரத்தத்தால் பிழைத்தார். 18 வயதில் தானும் கொடுக்கத் தொடங்கினார். அவர் ரத்தத்தில் ஆன்டி-டி நிறைய இருந்தது. சிறுவயதில் ஏற்றிய ரத்தமே காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஒருவருக்கு ஒவ்வாத ரத்தம் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு மருந்தானது! 2018 வரை 1,173 முறை கொடுத்தார். 24 லட்சம் குழந்தைகளைக் காப்பாற்ற அது உதவியதாக ஆஸ்திரேலிய செஞ்சிலுவைச் சங்கம் கணக்கிட்டது. 2025 பிப்ரவரியில் காலமானார்.

நம்ம ஊர் கணக்கு

ஐரோப்பியர்களில் சுமார் 15 சதவீதம் பேர் நெகடிவ். இந்தியாவில் சுமார் 5 சதவீதம்தான். இதைக் கேட்டு நிம்மதி அடைய முடியாது. நூற்றில் 95 பேர் பாசிட்டிவ் என்றால், ஒரு நெகடிவ் பெண்ணுக்கு அமையும் கணவன் அநேகமாகப் பாசிட்டிவாகத்தான் இருப்பான். அவசரத்துக்கு நெகடிவ் ரத்தம் கிடைப்பதும் கஷ்டம்.

இன்னொரு தவறான எண்ணமும் நம்மிடம் உண்டு. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே ரத்த வகை இருந்தால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். அது பொய். மனைவி நெகடிவ், கணவன் பாசிட்டிவ் என்பதுதான் கவனிக்க வேண்டிய ஜோடி.

அந்தத் தாய்க்குக் கர்ப்பத்தின் 28-வது வாரத்தில் ஓர் ஊசி. பிள்ளை பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் இன்னோர் ஊசி. கருக்கலைந்தாலும் மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஏற்கனவே எதிர்ப்பொருள் உருவாகிவிட்ட தாய்க்கு இந்த ஊசியால் பயனில்லை.

அதனால்தான் ஒரு நெகடிவ் சிறுமி விபத்தில் அடிபட்டு வந்தால்கூட, அவளுக்கு நெகடிவ் ரத்தமே ஏற்ற வேண்டும் என்கிறார்கள். அன்று தவறிப்போய்ப் பாசிட்டிவ் ரத்தம் ஏறினால், இருபது வருடம் கழித்து அவள் சுமக்கும் தலைப்பிள்ளைக்கே அது எமனாகலாம். பெல்வியூவில் நடந்தது போல, பிள்ளை பெறும் வயதில் உள்ள மனைவிக்குக் கணவன் ரத்தம் கொடுப்பதையும் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெண்களின் ரத்த வகை உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இந்த வாரமே பரிசோதித்து எழுதி வையுங்கள். நீங்கள் நெகடிவ் என்றால் பக்கத்து ரத்த வங்கியில் பெயரைக் கொடுத்து வையுங்கள். பேரையூரிலிருந்து மதுரை ராஜாஜி மருத்துவமனைக்குப் பிரசவ வலியோடு வரும் ஏதோ ஒரு தாய்க்கு அது தேவைப்படலாம்.