வுட் பார்த்த கருப்புக் கோடுகள்

ஒளியிழைத் தொடர்பைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், நம் மாணவர்கள் 1966, சார்ல்ஸ் காவ், கண்ணாடி இழை என்று தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். தப்பில்லை. ஆனால், இழைக்குள் செய்தி எப்படி ஏறுது? கணினி தருவது மின்துடிப்பு. இழையில் ஓடுவது ஒளி. மின்துடிப்புக்கு ஏற்றபடி ஒளியை மாற்றும் கருவிக்குப் பெயர் மாடுலேட்டர். அதன் வரலாற்றில் ஒரு கிளை 1902-க்கே போகிறது.

அந்த ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் வுட், நெருக்கமாகக் கோடு கீறிய உலோகத் தகட்டின்மேல் ஒளியைப் பாய்ச்சினார். நிறமாலை சீராக வரணும். வரலை. சில இடங்களில் வெளிச்சம் திடீரென்று அறுந்து கருப்பாகியது. வுட் லேசில் ஏமாறுகிற ஆள் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் கொண்டாடிய ‘என் கதிர்கள்’ வெறும் மாயை என்று 1904-இல் காட்டியவர் அவர்தான். அப்படிப்பட்டவருக்கே இதன் காரணம் புரியவில்லை. புரியாததையும் அப்படியே எழுதி வெளியிட்டார், பாருங்க!

1955-இல் அவர் இறந்தார். இரண்டே ஆண்டில், ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் ரூஃபஸ் ரிட்ச்சி வேறு ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். மெல்லிய உலோகத் தகட்டை ஊடுருவும் எலக்ட்ரான் எவ்வளவு ஆற்றலை இழக்கிறது என்பதே அவர் கேள்வி. உலோகப் பரப்பிலுள்ள எலக்ட்ரான்கள் கூட்டமாக, குளத்து அலைபோல் ஆடும் என்று விடை வந்தது. இந்த அலையைத்தான் பரப்புப் பிளாஸ்மான் என்கிறோம். 1968-இல் ரிட்ச்சியும் கூட்டாளிகளும் வுட்டின் கருப்புக் கோட்டையும் இந்த அலையையும் இணைத்துக் காட்டினார்கள். காணாமல்போன ஒளி, உலோகப் பரப்பில் அலையாக ஓடியிருக்கிறது! இடையில் 66 ஆண்டுகள். தேர்வில் வெறும் ஆண்டுப் பட்டியல் தருவதைவிட இந்த இடைவெளியை விளக்கினால் கட்டுரைக்கு உயிர் வரும் என்பது என் கருத்து.

சரி, இதனால் தகவல் தொடர்புக்கு என்ன லாபம்? இழையில் ஓடும் ஒளியின் அலைநீளம் சுமார் 1.55 மைக்ரோமீட்டர். சாதாரணக் கருவிக்குள் அதைவிட ரொம்பச் சிறிய இடத்தில் அதை அடைக்க முடியாது. பிளாஸ்மானாக மாற்றினால் அதில் ஒரு சிறு பங்கு அகலமே உள்ள உலோக இடுக்கிலும் நுழையும். இடுக்கில் ஒரு கரிமப் பொருளை நிரப்பி மின்னழுத்தம் கொடுத்தால், அதன் ஒளிவிலகல் எண் மாறும், அலையும் மாறும். நெருக்கி அடைத்திருப்பதால் கொஞ்ச தூரத்திலேயே வேலை முடிஞ்சிடும். வழக்கமான லித்தியம் நயோபேட் மாடுலேட்டர் சென்டிமீட்டர் கணக்கில் நீளும். 2014-இல் ஐரோப்பிய ஆய்வுக் குழு ஒன்று வெளியிட்டதோ 29 மைக்ரோமீட்டர்தான், மயிரிழையின் அகலம்கூட இல்லை. வேகம் விநாடிக்கு 40 கிகாபிட், அதாவது 4,000 கோடி பிட்.

உலோகம் ஒளியைத் தின்று சூடாக்கிவிடும் என்ற பழைய தொல்லை மட்டும் தீரவில்லை. கருவி நீண்டால் ஒளி மிஞ்சாது. அதனால்தான் அதை இவ்வளவு குட்டையாகச் செய்கிறார்கள்.