மல்லாட்டை வந்த வழி

பொழுது சாய்ந்து, மாட்டைக் கட்டிவிட்டு, கை கால் கழுவித் திண்ணையில் உட்கார்ந்ததும் ஒரு கை வறுத்த கடலையை மடியில் போட்டுக்கொண்டு உரிக்கிறோமே, அந்தச் சின்ன சுகத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். உரம், பூச்சி மருந்து, கூட்டுறவுக் கடன் என்று பேச எத்தனையோ இருக்கும்போது கொறிக்கிற கடலையைப் பற்றி என்னய்யா பேச்சு என்று கேட்காதீங்க. இந்தக் கொறிப்புக்குப் பின்னால் பெரிய சரித்திரம் இருக்கிறது. நம்ம வீட்டுப் பிள்ளைகளின் உடம்பைத் தொடுகிற சங்கதி ஒன்றும் அதற்குள்ளே இருக்கிறது.

முதலில் பெயரைப் பாருங்க. கடலை என்றால் பழைய தமிழில் கொண்டைக்கடலைதான். பொட்டுக்கடலை, கடலைப் பருப்பு, கடலை மாவு எல்லாம் அதன் பிள்ளைகள். பின்னால் வந்த இந்தப் புதுக் கொட்டைக்கு அடைமொழி வைத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. மண்ணுக்குள் காய்ப்பதால் நிலக்கடலை என்றார்கள், வேரோடு வருவதால் வேர்க்கடலை என்றார்கள். ஆற்காட்டுச் சீமையில் மணிலாக்கொட்டை என்று சொல்லி, அது வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. மணிலா என்பது பிலிப்பைன்ஸ் தீவின் தலைநகரம். கன்னியாகுமரிப் பக்கமும் கேரளத்திலும் கப்பலண்டி என்பார்கள். அண்டி என்றால் கொட்டை, கப்பலில் வந்த கொட்டை. இலங்கைத் தமிழர்களுக்கு இது கச்சான். அங்கே கோயில் திருவிழா என்றால் கச்சான் கடை இல்லாமல் இருக்காது. ஆக, இது வெளியூர்ச் சரக்கு என்பதை நம்ம ஜனங்கள் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

கடலை வருவதற்கு முன்னே நம்ம பிள்ளைகள் என்ன கொறித்தார்கள் என்று கேட்பீங்க. எள்ளுருண்டை, பொரி, அவல், பொரிவிளங்காய் உருண்டை. பனங்காட்டுப் பக்கம் கருப்பட்டியும் பனங்கிழங்கும். ஒன்றும் இல்லாத வீட்டில் வறுத்த புளியங்கொட்டை, பல் வலுவாக இருந்தால்.

கடலையின் பிறந்த வீடு தென் அமெரிக்கா. இன்றைய பொலிவியா, அர்ஜென்டினா எல்லைப் பக்கம் என்று சொல்கிறார்கள். அங்கே அதற்கு இருந்த மதிப்பைக் கேட்டால் ஆச்சரியப்படுவீங்க. 1987-ஆம் ஆண்டு பெரு நாட்டில் சிபான் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பழைய மண்மேட்டைத் தோண்டினார்கள். உள்ளே சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் புதைத்த ஒரு தலைவனின் சமாதி இருந்தது. அவன் கழுத்தில் ஒரு மாலை. மாலையின் மணிகள் என்ன தெரியுமா? கடலைக்காய்! பத்துக் காய் தங்கத்தில், பத்துக் காய் வெள்ளியில், ஓட்டின் வரி வரியான கோடு உள்பட அச்சு அசலாகச் செய்து கோத்திருந்தார்கள். நாம் மடியில் போட்டு உரிப்பதை அவர்கள் ராஜாவின் கழுத்தில் போட்டார்கள்.

அந்தச் சீமையைப் பிடித்த ஸ்பெயின்காரர்கள் பசிபிக் சமுத்திரம் வழியாகக் கடலையை மணிலாவுக்குக் கொண்டுபோனார்கள். போர்ச்சுக்கீசியர்கள் பிரேசிலிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிப்போன கப்பல்களோடு அது வட அமெரிக்காவுக்கும் போனது. அந்த நாட்டின் தெற்குப் பகுதியில் இன்றைக்கும் பச்சைக் கடலையை உப்புப் போட்டு அவித்துத்தான் தின்கிறார்கள், நம்மைப் போலவே.

நம்ம ஊருக்கு வந்த கடலை ரொம்ப நாள் கொல்லை ஓரத்துப் பயிராகத்தான் இருந்தது. அதைப் பெரும் பயிராக்கியது நம்ம வாய் இல்லீங்க, பிரெஞ்சு நாட்டுச் சோப்பு. மார்சேல்ஸ் என்ற துறைமுகத்தில் எண்ணெய் ஆலைகளும் சோப்புத் தொழிலும் பெருகின. அவர்களுக்கு மலிவான எண்ணெய் வேண்டியிருந்தது. புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் கையில். சுற்றிலும் தென் ஆற்காட்டுச் செம்மண், மானாவாரி நிலம். கேட்க வேண்டுமா! பண்ருட்டி, விழுப்புரம், திண்டிவனம் எல்லாம் கடலைச் சந்தையாகிவிட்டன. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்தின் முக்கியமான ஏற்றுமதியே நம்ம மல்லாட்டைதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அந்தக் காலத்தில் ஓடு உடைக்க இயந்திரம் கிடையாது. காயின் மேல் தண்ணீரைத் தெளித்து நனைத்து, தடியால் அடித்து உடைப்பார்கள். ஓடு சுலபமாக வந்துவிடும், ஆனால் பருப்பு ஈரம் குடித்துவிடும். ஈரப் பருப்பைச் சாக்கில் கட்டி, கப்பலின் அடித்தட்டில் போட்டு, வாரக்கணக்கில் கடல்மேல் கொண்டுபோனால் என்ன ஆகும்? பூஞ்சணம் பிடித்து, எண்ணெய் காறிப்போய்ச் சேரும். அதனால் நம்ம சரக்குக்கு விலை குறைத்தார்கள். சாப்பாட்டு எண்ணெய்க்கு ஆகாது, சோப்புக்குத்தான் ஆகும் என்று ஒதுக்கினார்கள். இருபதாம் நூற்றாண்டில் உலர்ந்த காயை உடைக்கும் இயந்திரங்கள் பரவிய பிறகுதான் அந்தக் கெட்ட பெயர் மெள்ள நீங்கியது. இந்த ஈரக் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, பிறகு வருகிறேன்.

1890-களில் பெரிய இடி விழுந்தது. ஒரே விதையைத் திரும்பத் திரும்பப் போட்டதில் பயிர் நலிந்து, நோயும் சேர்ந்து, கடலைப் பரப்பு மளமளவென்று சரிந்தது. மொரீஷியஸ் போன்ற இடங்களிலிருந்து புது விதை கொண்டுவந்த பிறகுதான் பயிர் திரும்பத் தலையெடுத்தது. வெளி விதையால் பிழைத்த பயிருக்கு நம்ம மண்ணும் பின்னால் பதில் மரியாதை செய்தது. குடியாத்தம் பகுதியில் பயிரான கொத்துக் கடலையிலிருந்து நல்ல செடிகளைப் பொறுக்கி எடுத்து, திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தார் 1940-இல் டி.எம்.வி. 2 என்ற ரகத்தைக் கொடுத்தார்கள். அந்த எழுத்துகள் திண்டிவனத்தைத்தான் குறிக்கின்றன. நூறு, நூற்றைந்து நாளில் வந்துவிடும். கொடி ஓடாமல் கொத்தாகக் காய்ப்பதால் பிடுங்கச் சுலபம். தமிழ்நாடு தாண்டி ஆந்திரம், கர்நாடகம் என்று பல பத்தாண்டுகள் அது ஓடியது. ஒரே குறை, அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். பட்டவர்களுக்குத் தெரியும்.

சரி, விற்றது போக வீட்டுக்கு என்ன மிஞ்சியது? அங்கேதான் நம்ம சுகம் இருக்கிறது. செடி பிடுங்குகிற அன்றைக்குக் கொல்லையிலேயே காய்ந்த சருகைக் கூட்டிச் செடியோடு சுட்டு, கை வாயெல்லாம் கரியாகத் தின்றது யாருக்கு மறக்கும்? காய் ஆய்கிற பெண்களுக்குப் படிக்கணக்கில் காயாகவே கூலி அளந்த ஊர்கள் எத்தனையோ. சாயங்காலம் அந்தக் காய் பானையில் உப்போடு வேகும், தெருவே மணக்கும். அறுவடை முடிந்த கொல்லையைக் கிளறி, விட்டுப்போன காயைப் பொறுக்கிப் பாவாடையில் கட்டிக்கொண்டு ஓடிவருகிற பிள்ளைகளுக்கு அதைவிடத் திருவிழா எது? பெங்களூரில் பசவனகுடி நந்தி கோயிலில் கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமை கடலைக்காய்த் திருவிழாவே நடக்கிறது. புதுக் கடலையை முதலில் காளைக்குப் படைத்துவிட்டுத்தான் மனுஷன் தின்பான். நல்ல வழக்கம். உழுதது யார்?

பட்டணத்தில் கடலை வேறு வேஷம் போட்டது. தள்ளுவண்டியில் மணலைக் கொதிக்க வைத்து வறுத்து, வாணலில் கரண்டியால் தட்டி ஓசை எழுப்பி, காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அளந்து கொடுப்பார்கள். அந்தச் சத்தத்துக்கே வாய் ஊறும்.

காந்தியடிகளுக்கும் கடலைமேல் ஆசை உண்டு. தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது பச்சைக் கடலையும் பழங்களும்தான் சாப்பாடு. 1918-இல் குஜராத்தில் ஊர் ஊராகச் சுற்றியபோது கடலையை அரைத்த வெண்ணெயும் எலுமிச்சம்பழமுமாகவே காலம் தள்ளினார். அளவு மீறித் தின்று சீதபேதி வந்ததை அவரே சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். மகாத்மாவுக்கே அப்படி என்றால் நாம் கொஞ்சம் பார்த்துத்தான் கொறிக்கணும்.

அந்தக் காலத்திலேயே அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்று ஒருவர் இருந்தார். அடிமையாகப் பிறந்து விவசாய ஆசிரியரானவர். பருத்தியை மட்டுமே நம்பிக் கடனில் மூழ்கிய கறுப்பின விவசாயிகளைப் பார்த்து, கடலை போடுங்கள், விற்பதோடு நிறுத்தாமல் வீட்டிலும் தின்னுங்கள் என்றார். சமைக்கும் வகை 105 என்று 1916-இல் சிறு புத்தகமே போட்டார். கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்று பலர் சொல்வார்கள்; அது சரியில்லை, அது அவருக்கு முன்பே இருந்தது. தின்னுங்கள் என்று அவர் சொன்னதுதான் முக்கியம். கடலைப் பருப்பில் ஏறக்குறைய நூற்றுக்கு 25 பங்கு புரதம், பாதிக்குக் கிட்ட எண்ணெய். கூலி வேலை செய்கிற உடம்புக்கு இதைவிடக் கைக்கு எட்டிய சத்து எங்கே?

நம்ம பக்கத்தில் அதை வெல்லத்தோடு சேர்த்த கெட்டிக்காரர்கள் கோவில்பட்டிக்காரர்கள். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருட்டித் தட்டினால் ‘டக்’கென்று சத்தம் கேட்கணும். அந்தப் பதம் தப்பினால் மிட்டாய் பல்லில் ஒட்டும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இப்போது அந்த ஈரக் கதைக்கு வருகிறேன். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிக் குஞ்சுகள் திடீரென்று செத்து விழுந்தன. காரணம் தெரியாமல் தவித்தார்கள். கடைசியில் தீவனத்தில் போட்ட கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றது. பூஞ்சணம் பிடித்த கடலை. அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் விஷத்துக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். ஈரலைக் கெடுக்கும், நாள்பட உள்ளே போனால் ஈரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். வறுத்தாலும் அவித்தாலும் முழுசாகப் போகாது. 1974-இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளம் தின்று நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதே விஷம்தான்.

நம்ம வீட்டில் நடப்பதைக் கொஞ்சம் யோசியுங்க. திரண்ட காயெல்லாம் மூட்டையில் வியாபாரிக்கு. சுருங்கியது, கறுத்தது, முளை விட்டது, பூச்சி துளைத்தது எல்லாம், வீட்டுக்குத்தானே என்று, அடுக்களைக்கு. கப்பல் ஏறின காலத்திலிருந்து வந்த பழக்கம் இது. நல்லதைச் சீமைக்கு அனுப்பி, கழிவை நம்ம பிள்ளை கையில் கொடுத்தோம். அந்தக் கழிவுக் கடலையில்தான் பூஞ்சணம் அதிகம் இருக்கும். கடைசிக் காலத்தில் வறட்சி அடித்த கொல்லைக் காயில் இன்னும் அதிகம். வாயில் போட்டதும் கசந்தால் துப்பச் சொல்லுங்க, விழுங்கச் சொல்லாதீங்க. கறுத்த காயை மாட்டுக்குப் போடலாமே என்று நினைக்கவும் வேண்டாம். பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலிலும் அந்த விஷத்தின் பங்கு இறங்கும், அந்தப் பாலைக் குடிப்பதும் அதே பிள்ளைதான்.

ஆகவே, மூட்டை கட்டுவதற்கு முந்தின நாளே, திரண்ட முதல்தரக் காயில் வீட்டுக்கு வேண்டியதை அளந்து தனியே எடுத்துவிடுங்க. வியாபாரி வந்து நின்ற பிறகு எடுக்க மனசு வராது. பிடுங்கின செடியைக் குவித்துப் போட்டு மூடாதீங்க. காய் மேலே தெரியும்படி பரப்பிக் காயவிடுங்க. உரிக்கச் சுலபம் என்று தண்ணீர் தெளிக்கிற வழக்கம் இருந்தால் அதை இந்த வருஷத்தோடு விட்டுவிடுங்க. சேமித்து வைப்பதை ஓட்டோடு வையுங்க, ஈரத் தரை படாமல் பலகை மேல். காய்ந்ததா என்று பார்க்க இயந்திரம் ஒன்றும் வேண்டாம். ஒரு காயை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பாருங்க. உள்ளே பருப்பு கலகலவென்று ஆடணும். ஆடாவிட்டால் இன்னொரு வெயில் காட்டுங்க.