அஸன்பே சரித்திரம்: சித்திலெப்பை நாவலுக்கு வந்த வழி

1885-ஆம் ஆண்டில் இலங்கையின் மலைநாட்டில் இரு நிகழ்ச்சிகள் நிகழ்ந்தன. நாவலப்பிட்டியிலிருந்து மலையேறிய புகையிரதப் பாதை அவ்வாண்டில் நானுஓயாவை எட்டியது; இதனை நாடே அறிந்தது. அதே ஆண்டில் கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி ஒருவர் தமிழில் ஒரு நாவலை வெளியிட்டார். இதனை அறிந்தவர் மிகச் சிலரே. புகையிரதப் பாதை பின்னர் அப்புத்தளையையும் பண்டாரவளையையும் கடந்து 1924-இல் பதுளைக்கு வந்து நின்றது. நாவல் என்னும் இலக்கிய வடிவமோ, ஊவாவின் மலைகளை அடைய அதனினும் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. அவ்வடிவம் இந்நாட்டில் எவ்வாறு தோன்றிற்று, எதன்பொருட்டுத் தோன்றிற்று என்பது அறியத்தக்க வரலாறாகும்.

நூலின் பெயர் அஸன்பே சரித்திரம். ஆசிரியர் முகம்மது காசிம் சித்திலெப்பை. இலங்கையர் ஒருவர் எழுதிய முதல் தமிழ் நாவல் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் வெளிவந்தது. அதற்கு ஆறே ஆண்டுகள் பிந்தியது இந்நூல். அக்காலத்தில் ஊவா தனி மாகாணமாக இருக்கவில்லை. 1886-இலேதான் அது தனியாகப் பிரிக்கப்பட்டது. அதுவரை பதுளைப் பகுதி கண்டியைத் தலைநகராகக் கொண்ட மத்திய மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. ஆகவே, இந்நாவலைக் கடற்கரை நகரத்தார் தந்த கொடை என்று கருதுதல் பொருந்தாது. மலைநாட்டின் தலைநகரே அதற்குத் தாயகம்.

சித்திலெப்பை 1838-ஆம் ஆண்டு கண்டியில் பிறந்தவர். அவருடைய தந்தையார் இலங்கை முஸ்லிம்களுள் முதன்முதல் புரொக்டர் ஆனவர் என்று போற்றப்படுகிறார். மைந்தரும் அவ்வழியே சென்றார். அரபு, தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளைக் கற்று, 1862-இல் மாவட்ட நீதிமன்றத்திலும், பின்னர் உயர் நீதிமன்றத்திலும் வழக்குரைக்கும் தகுதி பெற்றார். சில காலம் நீதவான் பதவியும் வகித்தார். செல்வமும் செல்வாக்கும் ஒருங்கே வாய்த்த வாழ்வு அது. அவ்வாழ்வில் அமைந்திருந்த ஒருவர் கதை எழுதுவதற்கு எழுதுகோலை எடுத்தது ஏன்? அவர் சமூகத்தின் அந்நாளைய நிலையை நோக்கினால் விடை தெளிவாகும்.

அந்நாளில் ஆங்கிலக் கல்வியை அளித்த பாடசாலைகளுள் பெரும்பாலானவை கிறித்தவ மிஷன்களின் கையில் இருந்தன. அங்கே பிள்ளைகளை அனுப்பினால் அவர்கள் தம் சமயத்தைத் துறந்துவிடுவர் என முஸ்லிம் பெற்றோர் அஞ்சினர். அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை; ஆயினும் அதன் விளைவு கொடியதாயிற்று. பிள்ளைகள் பள்ளிவாசலை அடுத்த ஓதற் பள்ளிகளிற் குர்ஆனை ஓதினர். அவ்வளவில் கல்வி நின்றது. பெண்களின் கல்வியைப் பற்றிப் பேசுவாரே அரியர். ஏனைய சமூகத்தார் அரசாங்கப் பதவிகளிலும் வாணிகத்திலும் முன்னேற, தம் மக்கள் பின்தங்கி நிற்பதைச் சித்திலெப்பை தம் தொழிலின் மூலமே நாள்தோறும் கண்டிருத்தல் வேண்டும். தன் வழக்கின் ஆவணத்தைத் தானே வாசிக்க இயலாத ஒருவனுக்குப் பிறர் சொல்வதே சட்டமாகிவிடும் என்பதை நீதிமன்றத்திற் பழகியவர் அறிவர்.

அவர் செய்த முதற் பெரும் பணி இதழியல். 1882-ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் முஸ்லிம் நேசன் என்னும் வார இதழைத் தொடங்கினார். உலகச் செய்திகளும், கல்வியின் அவசியமும், சமூகச் சீர்திருத்தமும் அதிற் பேசப்பட்டன. ஆயினும் இதழுக்கு ஓர் எல்லை உண்டு. கல்வியின் பயனை எடுத்துரைக்கும் கட்டுரையைக் கல்வியில் நாட்டமுடையவனே வாசிப்பான். நாட்டமில்லாதவன் அதன் தலைப்பைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிடுவான். யாருக்காக எழுதப்படுகிறதோ அவரையே சென்றடையாத துன்பம் எல்லாச் சீர்திருத்தக் கட்டுரைகளுக்கும் பொதுவானது. இதழ் தோன்றிய மூன்றாம் ஆண்டில் நாவல் தோன்றியது தற்செயலன்று எனலாம்.

கதைச் சுவை தமிழ் முஸ்லிம்களுக்குப் புதியதன்று. கிஸ்ஸா என்னும் கதைப் பாடல்களும், வினாவிடையாய் அமைந்த மசலாக்களும், போர்க்களங்களைப் பாடும் படைப்போர்களும் அவர்களிடையே தொன்றுதொட்டு வழங்கின. உமறுப் புலவரின் சீறாப்புராணம் வீடுகளிலும் அவைகளிலும் ஓதப்பட்டது. ஆயிரத்தோர் இரவுகளின் அரபுக் கதைகள் வாய்மொழியாகவும் பரவியிருந்தன. இவையனைத்தும் ஒருவர் ஓத, மற்றவர் கூடியிருந்து கேட்பதற்குரியவை. நாவலோ அச்சிட்ட உரைநடை நூல். ஒருவர் தனித்திருந்து தாமே வாசிக்கத்தக்கது. கேட்டுப் பழகியவரை வாசிக்கச் செய்வதற்கு அவருக்குப் பழகிய சுவையையே புதிய பாத்திரத்திற் பெய்து கொடுக்க வேண்டும். சித்திலெப்பை கைக்கொண்ட முறை இதுவே.

கதைக்குரிய களமும் அக்காலத்தில் அவரைத் தேடிவந்தது என்று கூறுதல் மிகையாகாது. எகிப்தில் அந்நியர் ஆதிக்கத்தை எதிர்த்துக் கிளர்ந்த அஹ்மத் ஒறாபி பாஷா, 1882-இல் ஆங்கிலேயரால் தோற்கடிக்கப்பட்டுத் தம் தோழர் அறுவருடன் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். 1883 ஜனவரியில் அவர்கள் கொழும்பில் வந்திறங்கினர். கெய்ரோவின் அரண்மனைச் சூழ்ச்சிகளையும் படைமுகாம்களையும் நேரிற் கண்டவர்கள் இந்நாட்டு முஸ்லிம்களிடையே வாழலாயினர். சித்திலெப்பை ஒறாபியின் நண்பராயினார். எகிப்து என்பது நூல்களில் மட்டும் கண்ட நாடாக இல்லாமல், பேசிப் பழகத்தக்க மனிதரின் நாடாக மாறியது. இரண்டாண்டுகள் கழித்து வெளிவந்த நாவல் எகிப்திலே தொடங்குகிறது.

கதையின் போக்கைச் சுருங்கக் கூறலாம். கெய்ரோவின் உயர்குடி ஒன்றிற் பிறந்த அஸன் என்னும் குழந்தை களவாடப்பட்டுப் பம்பாய்க்குக் கொண்டுவரப்படுகிறது. தன் பிறப்பை அறியாமல் அங்கே அந்நியர் கையில் வளரும் சிறுவன், பின்னர் கல்கத்தாவை அடைந்து, நல்லோர் ஆதரவிற் கல்வி கற்று, அறிவும் வீரமும் ஒழுக்கமும் நிறைந்த இளைஞனாகிறான். ஆங்கிலப் பிரபுக் குடும்பத்துப் பெண்ணாகிய பாளினா அவன்மீது காதல் கொள்கிறாள். பகைவரின் சூழ்ச்சிகளும் பிரிவுகளும் இடையிட, அவள் இஸ்லாத்தை மனமுவந்து ஏற்கிறாள். இறுதியில் அஸன் தன் குலத்தை அறிந்து, பெற்றோரை அடைந்து, ‘பே’ என்னும் துருக்கியச் சிறப்புப் பட்டத்தையும் பெறுகிறான். ஹஸன் என்னும் அரபுப் பெயர், தமிழ் முஸ்லிம்களின் நாவில் வழங்கியவாறே அஸன் என்று எழுதப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. கதை அயல்நாட்டதேனும் அது யாருக்காக எழுதப்பட்டது என்பதை அந்தப் பெயரே உணர்த்துகிறது.

காதலும் மர்மமும் சமயப் பற்றும் ஒருங்கே இழையோடும் இவ்வமைப்பு, பிற்காலத்தில் உலகெங்கும் பல்கிய ஒரு கதைவகைக்கு இயல்பானது. அதில் மர்மம் ஆற்றும் தொழில் யாது? அஸன் யார் மகன் என்பது வாசகருக்குத் தெரியும், அஸனுக்குத் தெரியாது. அவன் எப்போது அறிவான் என்னும் ஏக்கமே ஏடுகளைப் புரட்டச் செய்கிறது. புரட்டும் ஒவ்வோர் ஏட்டிலும் கல்வி ஒருவனை எவ்வாறு உயர்த்துகிறது என்பது சொல்லாமற் சொல்லப்படுகிறது. களவாடப்பட்ட குழந்தைக்குப் பொருள் இல்லை. குலத்தின் பெயரும் இல்லை. அவனுக்குத் துணையாவன கற்ற கல்வியும், இறைவன்மீது வைத்த நம்பிக்கையும், தளராத ஒழுக்கமுமே. மிஷன் பாடசாலைக்கு அஞ்சிய பெற்றோருக்கு இதனினும் தக்க மறுமொழி எது? ஆங்கிலேயரிடையே பழகி அவர்தம் கல்வியைக் கற்றும் அஸன் தன் சமயத்தை இழக்கவில்லை. அவனை நேசித்தவளே அவன் சமயத்தை நாடி வருகிறாள். கட்டுரையிற் கூறின் வாதமாகித் தோன்றும் கருத்து, காதற் கதையில் நிகழ்ச்சியாகிவிடுகிறது.

தமிழில் முதல் இரு நாவல்களையும் எழுதியவர்கள் நீதிமன்றத்திற் பழகியவர்கள் என்பது சிந்திக்கத்தக்கது. வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர், சித்திலெப்பை வழக்குரைத்தவர். மறைக்கப்பட்ட உண்மை சாட்சியத்தின் மூலம் சிறிது சிறிதாக வெளிப்படுவதையும், ஆள்மாறாட்டமும் பொய்க்கையொப்பமும் இறுதியில் அகப்படுவதையும் இருவரும் பல்லாண்டுகள் கண்டவர்கள். உண்மை ஒருநாள் வெளிவந்தே தீரும் என்னும் நம்பிக்கை மர்மக் கதைக்கு அடிப்படை. நீதிக்கும் அதுவே அடிப்படை. ஆனால் நோக்கத்தில் இருவரும் ஓரளவு வேறுபட்டனர். வேதநாயகம் பிள்ளை நகைச்சுவையும் கிளைக்கதைகளும் விரவத் தமிழ்நாட்டு வாழ்வைப் பேசினார். சித்திலெப்பையோ விரைந்து செல்லும் வீரக்கதையை அயல்நாட்டிற் கட்டினார்.

இந்நூலிற் குறைகளும் உண்டு. தற்செயல் நிகழ்ச்சிகள் மிகுதி. நல்லோர் முற்றும் நல்லோராகவும் தீயோர் முற்றும் தீயோராகவும் வருகின்றனர். இவை அக்காலக் கதைகளின் பொதுக்குறைகள் என்று பொறுக்கலாம். ஆழ்ந்த குறை ஒன்று உண்டு; அது மலைநாட்டாரின் கண்ணுக்கே முதலில் தெரியும். ஆசிரியர் வாழ்ந்த கண்டியின் வழியாகவே தென்னிந்தியத் தொழிலாளர் ஆயிரமாயிரமாக மலையேறினர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்குக் கால்நடையாக வந்தவர்கள் அவர்கள். வழியில் மாண்டவர் பலர். 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது. நாவல் வெளிவந்த ஆண்டுகளில் கோப்பி வீழ்ந்து தேயிலை எழுந்துகொண்டிருந்தது. குழந்தை பெற்றோரைப் பிரிவதும், தன் ஊரின் பெயரை மறப்பதும் அவ்வழியில் நாள்தோறும் நிகழ்ந்த துயரங்கள். பிறப்பறியாச் சிறுவன் ஒருவனின் கதையைத் தேடிக் கெய்ரோவுக்குச் சென்ற எழுதுகோல், தன் வாயிலில் நடந்து சென்ற சிறுவனை நோக்கவில்லை.

ஆயினும் இக்குறைக்காகச் சித்திலெப்பையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துதல் நேர்மையாகாது. அந்நாளில் எந்த நாவலும் அச்சிறுவனை நோக்கவில்லை. இலங்கையில் அடுத்து வந்த நாவல்களும் தொலைவையே நாடின. திருகோணமலை இன்னாசித்தம்பி 1891-இல் வெளியிட்ட ஊசோன் பாலந்தை கதை, ஐரோப்பியப் பழங்கதை ஒன்றைத் தழுவியது. பிரிந்த சகோதரரின் வீரச் செயல்களைக் கத்தோலிக்க சமயப் பற்றோடு கூறுவது. அதே ஊரினரான சரவணமுத்துப் பிள்ளை 1895-இல் எழுதிய மோகனாங்கி, தமிழ்நாட்டு நாயக்கர் காலத்துக்குச் சென்றது. மங்களநாயகம் தம்பையா 1914-இல் வெளியிட்ட நொறுங்குண்ட இருதயம் யாழ்ப்பாணத்து இல்லங்களுக்குள் நுழைந்து, திருமணத்தால் துயருற்ற பெண்ணின் நிலையைக் கிறித்தவ நம்பிக்கையின் ஒளியில் ஆராய்ந்தது. இவ்வாறு தொலைவிலிருந்து அண்மைக்கு, அரண்மனையிலிருந்து அடுக்களைக்கு நாவல் படிப்படியாக இறங்கி வந்தது.

லயன் அறைகளுக்கு அது வந்தது இன்னும் பிந்தியே. பதுளை மாவட்டத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934-இல் பிறந்த தெளிவத்தை ஜோசப், தாம் தொழில் செய்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டு, 1974-இல் காலங்கள் சாவதில்லை என்னும் நாவலைத் தந்தார். அஸன்பே வெளிவந்து அப்போது 89 ஆண்டுகள் கழிந்திருந்தன. இடைவெளி இத்துணை நீண்டதற்குக் காரணம் எழுத்தாளரின் பாராமுகம் மட்டுமன்று. எழுதவும் வாசிக்கவும் தோட்ட மக்களுக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டதே முதற்காரணம். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் முழுமையாகப் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970-களில்தான். பள்ளி இல்லாத இடத்தில் நாவல் பிறவாது. இவ்வுண்மையைச் சித்திலெப்பை நன்குணர்ந்திருந்தார் என்பதற்கு அவருடைய பிற்கால வாழ்வே சான்று.

ஒரு நாவல் வெளிவந்ததோடு அவர் அமையவில்லை; வேறொரு நாவல் எழுதிப் புகழைப் பெருக்கவும் முனையவில்லை. தம் வழக்குரைத் தொழிலைக் கைவிட்டு, எஞ்சிய ஆண்டுகளைக் கல்விக்கே ஈந்தார். பாடநூல்கள் எழுதினார். ஊர்தோறும் சென்று பாடசாலைகள் அமைக்குமாறு மக்களை வேண்டினார். பெண் பிள்ளைகளுக்கும் பாடசாலை அமைத்தார். 1892-இல் ஒறாபி பாஷா, வாப்பிச்சி மரைக்கார் ஆகியோரின் துணையோடு அவர் கொழும்பு மருதானையில் நாட்டிய பாடசாலையே பின்னர் ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்தது. 1898 பெப்ருவரியில் அவர் உயிர் நீத்தார்.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்கினால், அஸன்பே சரித்திரம் கல்விப் பணியின் ஒரு பகுதியாகவே விளங்கும். இன்பமூட்டும் கதையை எழுதுதல் அறிஞர்க்குத் தகாது என்னும் எண்ணம் அக்காலத்தில் வலுவாக இருந்தது; பின்னரும் அது முற்றாக ஒழிந்ததில்லை. காதலும் மர்மமும் கலந்த நூலை மாணவர் கையிற் கண்டால் பறித்து வைக்கும் வழக்கம் பாடசாலைகளில் இன்றும் உண்டு. ஆனால் நாட்டின் முதல் தமிழ் நாவலே அத்தகைய நூல்தான். அதனை எழுதியவரோ தம் காலத்தின் தலைசிறந்த கல்விமான்களுள் ஒருவர். கதையின் விறுவிறுப்பினால் ஒருமுறை நூலைக் கையில் எடுத்தவன், வாசிக்கும் ஆற்றலைப் பெற்றுவிடுகிறான். அவ்வாற்றலைக் கொண்டு அவன் அடுத்து எதை வாசிப்பான் என்பதை யாரும் வரையறுக்க இயலாது.

மொனராகலையிலும் பதுளையிலும் தோட்டப்புறத்துப் பாடசாலைகளிற் பயிலும் பிள்ளைகளுக்கு இவ்வரலாறு உரிய பாடமாகும். பாடநூலை விரித்ததும் சோர்வடையும் பிள்ளை, மறைந்த பொருளைத் தேடும் ஒரு கதையில் ஆழ்ந்திருக்கக் கண்டால், ஆசிரியர் சற்றுப் பொறுத்திருக்கலாம். அக்கதையை முடித்ததும், தன் பாட்டன் எவ்வழியே நடந்து இம்மலைக்கு வந்தான் என்று அப்பிள்ளை வினவத் தொடங்கினால், சித்திலெப்பையின் எழுதுகோல் எழுதாமல் விட்ட அத்தியாயத்தை எழுத ஒருவர் கிடைத்துவிட்டார் எனலாம்.